குற்றாலத்துக்குக் கீழே ஓர் ஆறு இருக்கிறது

மதிப்பிற்குரிய தென்காசி, திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர்களுக்கும், சிற்றாற்றுப் பாசனத்தைக் கவனிக்கும் நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் தினமும் ஒரு பட்டியல் வரும். பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118, கடனா 85, ராமநதி 84, கருப்பாநதி 72, குண்டாறு 36, அடவிநயினார் 132 என்று ஒவ்வோர் அணையின் உயரத்தையும் போட்டு, இன்று தண்ணீர் எத்தனை அடி, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று எழுதியிருப்பார்கள். விவசாயி அதைப் பார்த்துத்தான் நாற்று பாவலாமா, பொறுத்திருக்கலாமா என்று முடிவு செய்கிறார். அந்தப் பட்டியலில் எங்கள் சிற்றாறு இருக்காது. சிற்றாற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் கிடையாது, அதனால் மட்டம் சொல்ல ஒன்றும் இல்லை. (குமரி மாவட்டத்தில் சிற்றாறு என்ற பெயரில் அணைகள் உண்டு; அது வேறு ஆறு.)

அதே பக்கத்தில் இன்னொரு செய்தி கட்டாயம் இருக்கும்: குற்றாலம் பேரருவியில் குளிக்கத் தடை, அல்லது தடை நீக்கம். சிற்றாறு செய்தியில் வருவது அந்த ஓர் இடத்தில்தான். பொங்குமாங்கடலில், அதாவது பேரருவி விழும் பாறைப் பள்ளத்தில், விழுந்து புரண்டு பாலத்துக்கு அடியில் ஓடிவிட்ட தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்று யாரும் எழுதுவதில்லை. அது போகும் தூரம் சுமார் 80 கி.மீ. அந்த வழியில் இரண்டு மாவட்டங்கள், பதினைந்துக்கும் மேற்பட்ட அணைக்கட்டுகள் (நீரைக் கால்வாய்க்குத் திருப்பும் தாழ்ந்த கல்கட்டுகள்), அவற்றை நம்பிய கால்வாய்கள், குளங்கள், வயல்கள் இருக்கின்றன. அருவிக்கு நாம் காட்டும் அக்கறையை அருவியிலிருந்து, ஆறு தாமிரபரணியோடு சேரும் சீவலப்பேரி வரைக்கும் நீட்டுங்கள், சிற்றாற்றை முழு ஆறாக வைத்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஆற்றின் போக்கை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. கோப்புகளில் அது துண்டு துண்டாகக் கிடக்கிறது. அருவி ஒருவர் பொறுப்பு, அணைக்கட்டு இன்னொருவர் பொறுப்பு, கரையோர ஊர் மற்றொருவர் பொறுப்பு. தண்ணீருக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

திரிகூடமலையின் காட்டுக்குள் தொடங்குகிறது சிற்றாறு. தேனருவி, அதற்குக் கீழே செண்பகாதேவி, அதற்கும் கீழே பேரருவி என்று படிப்படியாக இறங்கித் தரைக்கு வருகிறது. ஐந்தருவியில் விழும் தண்ணீர் தனி ஆறாக இலஞ்சிப் பக்கம் ஓடி இதனோடு சேர்கிறது. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து குண்டாற்றின் நீரோடு அரிகர நதி வருகிறது. பழைய குற்றாலத்து அருவியின் தண்ணீர் அழுதகண்ணியாறாகத் தெற்கே சுற்றிக்கொண்டு வந்து கலக்கிறது. மேக்கரையில் அடவிநயினார் அணையைக் கடந்து, கருப்பாநதியின் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு வரும் அனுமன் நதி, வீரகேரளம்புதூரில் சிற்றாற்றோடு கூடுகிறது. குற்றாலத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு இது மலையிலிருந்து விழும் ஓர் ஓடையாகத்தான் தெரியும். வீரகேரளம்புதூருக்குக் கீழே நின்று பார்த்தால்தான் எத்தனை மலைச்சரிவுகளின் மழை இதற்குள் வந்து சேர்ந்திருக்கிறது என்பது புரியும்.

அதன் பிறகு ஆறு வேறொரு நாட்டுக்குள் நுழைகிற மாதிரி இருக்கும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக மழையைத் தள்ளிக்கொண்டு வரும். குற்றாலத்திலும் தென்காசியிலும் நாள் முழுக்கச் சாரல் அடிக்கும். அதே நாளில் கிழக்கே மானூர்ப் பக்கம் புழுதி பறக்கும். மழைமேகம் மலையடிவாரத்தோடு நின்றுவிடும். காற்று மட்டும்தான் கிழக்கே வரும். இந்த 80 கி.மீ.க்குள் பசுமைமாறாக் காட்டிலிருந்து முள்ளுக்காட்டுக்கு வந்துவிடலாம். கங்கைகொண்டானில் 2013-ல் புள்ளிமான் சரணாலயம் அமைத்த இடத்தைப் பார்த்தால் தெரியும், அது உடைமரங்கள் நிற்கிற வறண்ட பூமி. சொந்த மழை இல்லாத இந்தக் கீழ்ப்பகுதிக்குச் சாரல் காலத்தில் ஒரு வாய்த் தண்ணீர் வந்தால் அது மேற்கே பெய்த மழை, சிற்றாறு சுமந்து வந்தது.

கங்கைகொண்டானில் மதுரை - நெல்லை நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியிலும் ரயில் பாலத்துக்கு அடியிலும் ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. முக்கூடல் என்று பழைய பெயர் பெற்ற இடம் அது. வடகரைப் பக்கமிருந்து தாமிரபரணிக்குக் கடைசியாக வந்து சேரும் பெரிய துணையாறு இதுதான். சேருமிடம் நெல்லை நகரத்தைத் தாண்டி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளுக்கு மேலே இருக்கிறது. இந்த இடம் முக்கியம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் வெள்ளம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. தாமிரபரணிக் கரையும் அதற்குக் கிழக்கே உள்ள ஊர்களும் தண்ணீருக்குள் போயின. அப்படிப்பட்ட நாளில் பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் எவ்வளவு திறக்கிறோம் என்று அறிவிக்க முடியும். அங்கே மதகு இருக்கிறது, அளவு இருக்கிறது, கூப்பிட்டுக் கேட்க ஆள் இருக்கிறார். சிற்றாற்றுக்கு மூடித் திறக்க எதுவும் இல்லை. மலையில் பெய்தது அப்படியே கீழே வரும், வழியில் சமவெளி ஓடைகளின் தண்ணீரையும் அள்ளிக்கொண்டு வரும், நெல்லையைத் தாண்டிய பிறகு தாமிரபரணியில் ஏறும். நெல்லைப் பாலத்தில் நின்று ஆற்று மட்டத்தைப் பார்த்து முறப்பநாட்டுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் எச்சரிக்கை சொன்னால் இந்த ஆற்றின் பங்கு கணக்கில் விட்டுப்போகும்.

ஆகவே முதல் கோரிக்கை இது. தென்காசி, வீரகேரளம்புதூர், கங்கைகொண்டான் ஆகிய மூன்று இடங்களில் சிற்றாற்றில் ஓடும் நீரின் அளவை அன்றாடம் எடுத்து, அணை மட்டங்களோடு சேர்த்து வெளியிடுங்கள். வீரகேரளம்புதூரில் இரண்டு ஆறு கூடுவதால் கூடுமிடத்துக்கு மேலேயும் கீழேயும் அளந்தால் இன்னும் நல்லது. வெள்ள நாளில் மணிக்கு ஒரு முறை வேண்டும். இதற்குப் பெரிய பணம் தேவைப்படாது. அணை கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. இந்த மலைக்காட்டுக்குள் இன்னோர் அணை வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. ஓடுவதை அளந்து சொன்னாலே போதும்.

எச்சரிக்கை விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரைக் கொண்டுபோனது. கீழே நிற்பவர் தலைக்கு மேல் மழை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மலைமேல் பெய்தால் போதும் என்பதை அந்த நாள் எல்லாருக்கும் காட்டியது. பேரருவிக் கரையிலும் தடை போடுகிறீர்கள், சரி. பேரருவித் தண்ணீர்தான் சற்று நேரத்தில் தென்காசி யானைப்பாலத்துப் படித்துறைக்கு வருகிறது. அங்கே குளிக்கிறவருக்கும், அதற்குக் கீழே ஆற்றுக்குள் மாடு கழுவிக்கொண்டிருப்பவருக்கும் யார் சொல்வது? அருவிக்கு ஒரு தடை அறிவிப்பு போகும்போதே கீழ்க்கரை ஊராட்சிகளுக்கும் ஒரு தகவல் போக வேண்டும். அருவியில் குளிப்பவர் சுற்றுலா வந்தவர், போய்விடுவார். படித்துறைக்காரர் தினமும் அங்கேதான் இருக்கிறார்.

இனி அணைக்கட்டுகள். என் மனம் அதிகம் தங்குவது இங்கேதான்.

அணைக்கட்டு என்றால் வெளியூர்க்காரர்கள் உயரமான சுவரை நினைத்துக்கொள்கிறார்கள். சிற்றாற்று அணைக்கட்டு இடுப்பளவோ ஆளுயரமோ இருக்கும் கல்கட்டுதான். ஆற்றின் குறுக்கே சாய்வாகப் படுத்திருக்கும். தண்ணீர் அதன்மேல் ஏறி வழிந்து அடுத்த அணைக்கட்டுக்குப் போகும். கொஞ்சம் மட்டும் ஓரத்து மதகு வழியாகக் கால்வாயில் திரும்பும். கால்வாய் ஒரு குளத்தில் விழும், அது நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம், அதற்கடுத்த குளம். புலியூர், பாவூர், மானூர் என்று பெயர் சொல்லி வரிசையாக இவை ஆற்றின் போக்கில் இறங்கிக்கொண்டே போகும். அணையில்லாத ஆற்றில் நீரைச் சேமித்த முறை இதுதான். ஓரிடத்தில் மொத்தமாகத் தேக்காமல் நூறு குளத்துக்குப் பங்கு போட்டு வைத்தார்கள். கீழப்பாவூர் பெரியகுளத்தில் தண்ணீர் அலையடிக்கிறபோது அதன் கரையில் நடந்து பாருங்கள், அந்த ஊரின் கிணறு, தென்னை, மாடு, மனிதர் எல்லாம் அந்தப் பங்கில்தான் நிற்கின்றன.

ஆனால் இந்தக் கல்கட்டுகளின் நிலையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. ஷட்டரின் திருகுதண்டில் துரு ஏறி, பாதி மரைக்கு மேல் சுற்ற முடியாது. முழுக்க மூட முடியாத இடுக்கில் மண் மூட்டையும் வாழைமட்டையும் அடைத்து வைத்திருப்பார்கள். வெள்ளம் வந்தால் அதுவே மதகை அடைத்துக்கொள்ளும். கட்டுக்கு மேல்புறம் வண்டல் ஏறி நாணல் முளைத்துவிட்டால், ஆறு நிறைய ஓடினாலும் கால்வாயின் தலைவாய்க்குத் தண்ணீர் ஏறாமல் ஒதுங்கிப் போய்விடும். கால்வாய்க்குள் அமலைச்செடி (ஆகாயத்தாமரை). மடைக்காரர் கையில் அரிவாளோடு தனியாளாக நின்று எவ்வளவுதான் இழுத்துப் போடுவார்? தூர்வாரும் பணி கோடையில் நடக்க வேண்டியது. மழை பிடித்த பிறகு எந்திரம் வந்து இறங்கினால் அள்ளிய மண் அதே கரையில் கொட்டிக் கிடந்து அடுத்த மழைக்கே உள்ளே சரிகிறது.

இதன் விலையைக் கொடுப்பது கடைமடை, அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதி. மானூர் பெரியகுளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பில் பெரிய குளம், ஆனால் அது நிரம்பினால் பத்திரிகையில் செய்தி போடுகிறார்கள். ஒரு பாசனக் குளம் நிரம்புவது அதிசயமாக மதிக்கப்படும் அளவுக்கு நிலைமை போயிருக்கிறது. சாரல் காலத்து நீர் மேற்கே கார் என்னும் முதல் பருவ நெல் சாகுபடிக்குச் செலவாகிவிடும். அதை நான் குறை சொல்ல மாட்டேன், தலைமடைக்காரருக்கும் வயிறு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டி, ஆறு இரு கரையும் தொட்டுப் போகும்போதுதான் கீழ்ப்பகுதிக் குளங்கள் நிரம்பிப் பிசானம் என்னும் அடுத்த பருவ நெல்லுக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டும். அந்தச் சில நாட்களில் கால்வாய் தயாராக இல்லை என்றால் அவ்வளவும் சீவலப்பேரி வழியாகப் புன்னக்காயல் கடலுக்குப் போகிறது. வெள்ளத்தால் கீழூர்கள் மூழ்கிய அதே மாதத்தில் வெறுங்குளத்தின் கரையில் நிற்கும் விவசாயியை நினைத்துப் பாருங்கள். குளங்களுக்குத் தண்ணீர் திருப்பப்பட்டால் தாமிரபரணிக்குப் போகும் சுமையும் அந்த அளவுக்குக் குறையும். மானூர்க்காரரும் ஸ்ரீவைகுண்டத்துக்காரரும் கேட்பது ஒரே வேலையைத்தான்.

2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. நிர்வாகத்துக்கு அது நல்லது, நாங்களும் வரவேற்றோம். ஆற்றுக்கு மட்டும் ஒரு சிக்கல் வந்தது: தலைமடை ஒரு மாவட்டம், கடைமடை இன்னொரு மாவட்டம். விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் இரண்டு இடத்தில் தனித்தனியாக நடக்கிறது. மானூர் விவசாயி நெல்லையில் எழுந்து நின்று, மேலே மதகைத் திறக்கச் சொல்லுங்கள் என்று கேட்கிறார். மேலே இருப்பது அந்தக் கூட்டத்தின் எல்லைக்கு வெளியே. சிற்றாற்றுக்கென்று இரு மாவட்டமும் சேர்ந்த ஒரு கூட்டம், சாரலுக்கு முன் ஒரு முறை, ஐப்பசிக்கு முன் ஒரு முறை நடத்துங்கள். பாசன அமைப்பு முறைகளை விவசாயிகள் மேலாண்மை செய்வதற்கான 2000-ஆம் ஆண்டுச் சட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது, நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் இருக்கின்றன. அவர்களை ஒரே அறையில் உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

இந்த மண்ணுக்கு அது புதிதும் அல்ல. மானூர்க் கோயிலில் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு, கி.பி. 800 வாக்கில் வெட்டியது. ஊர்ச்சபையில் யார் உறுப்பினராகலாம், என்ன தகுதி வேண்டும் என்றும், கூட்டத்தில் எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறவருக்குத் தண்டம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டை நாடே கொண்டாடுகிறது. அதைவிட நூறாண்டு மூத்த சபை விதி எங்கள் கடைமடை ஊரில் கல்லில் நிற்கிறது.

கூட்டம் ஒருபக்கம் இருக்க, ஒவ்வோர் அணைக்கட்டிலும் ஒரு பலகை வையுங்கள். எந்தத் தேதியில் மதகு திறந்தது, எத்தனை நாள், எந்தக் குளத்துக்கு என்று சுண்ணாம்பால் எழுதினாலும் போதும். தண்ணீர்ச் சண்டையில் பாதி, என்ன நடந்தது என்று தெரியாததால் வரும் சந்தேகம்.

அழுக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லி, அங்கே ஓரளவு நடக்கிறது. மலையோடைகளைத் திருப்பித் தனியார் விடுதிகள் செயற்கை அருவி உண்டாக்கிய விவகாரத்திலும் 2022-ல் அதே நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. நல்லது. ஆனால் அருவியில் சோப்பைத் தடுத்துவிட்டு, அதே நீரில் அரை மணி நடை தூரத்துக்குள் விடுதிகளின் கழிவும் வீடுகளின் சாக்கடையும் கலப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன பொருள்? சீசன் முடிந்த புரட்டாசியில் தென்காசிக்குக் கீழே ஆற்றங்கரையில் நடந்தால், நாணல் வேரில் சுற்றிய பிளாஸ்டிக் பைகளும் பழைய துண்டுகளும் ஷாம்பு பாக்கெட்டுகளும் முழங்கால் உயரத்துக்குப் படிந்திருக்கும். வெள்ளம் எந்த மட்டத்துக்கு வந்துபோனது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். சீவலப்பேரியில் ஆற்றிலிருந்து எடுக்கும் குடிநீர் கோவில்பட்டி வரை போகிறது. தென்காசியில் ஆற்றில் விடும் எதுவும் அந்தச் சங்கமத்தை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது. குற்றாலத்தில் வசூலாகும் நுழைவு, வாகன நிறுத்தக் கட்டணங்களில் ஒரு பங்கை அருவிக்குக் கீழே ஆற்றைச் சுத்தமாக வைப்பதற்கென்று ஒதுக்குங்கள். வந்து குளித்துவிட்டுப் போகிறவர் யாரும் அதை மறுக்க மாட்டார்.

ஆக்கிரமிப்பைத் தடுக்க ஆற்றை அளந்து எல்லைக் கல் நடும் விஷயம் உங்களுக்கே தெரியும், நீட்டவில்லை. சிற்றாற்றில் சேரும் சிறு ஓடைகள் பலவும் பழைய புலப்படத்தில் இருக்கின்றன, தரையில் மனைப்பிரிவாகிவிட்டன. ஆற்றை மட்டும் அளந்து ஓடையை விட்டுவிட வேண்டாம். கீழ்ப்பகுதியில் சீமைக்கருவேலம் ஆற்றுப் படுகைக்குள்ளேயே காடாக நிற்கிறது. வேரோடு எடுக்காமல் வெட்டி விற்றால் மறு ஆண்டே தழைத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரும் வைகாசிக்குள், சாரல் பிடிக்கும் முன், இரு மாவட்ட அதிகாரிகளும் ஒன்றாகச் சேர்ந்து பேரருவியிலிருந்து சீவலப்பேரி வரை ஒரு முறை நேரில் பாருங்கள். ஜீப்பில் பாலத்துக்குப் பாலம் வராமல், ஒவ்வோர் அணைக்கட்டிலும் இறங்கி மதகைத் திருகிப் பாருங்கள். எந்தத் திருகு சுற்றுகிறது, எது சுற்றவில்லை என்று குறித்து, பழுது பார்க்கும் தேதியைப் பக்கத்தில் எழுதி வெளியிடுங்கள். நாளைச் சொல்லிவிட்டால் தலைமடைக்காரர்களும் கடைமடைக்காரர்களும் கூடவே வருகிறோம்.

இப்படிக்கு,
சிற்றாற்றுப் பாசனத்தில் பயிரிடும் ஒருவன்